நல்ல விஷமம்

திருநெல்வேலியில் அம்மாவின் காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு கிழக்கேகோட்டைத் துணிக்கடைக்கு வேலைக்குத் திரும்பியிருந்தேன். அழுகையும் வரவில்லை, பசியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எதற்கென்று தெரியாமல் கல்லாறுவரை பஸ்ஸில் போய்த் திரும்புவேன்.

அப்படித் திரும்பும்போது ஒருநாள் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடித்துக் கட்டிய வேட்டியெல்லாம் சேறு. மடியில் மரப்பட்டையோடு பெயர்த்த ஒரு ஆர்க்கிட் செடி, ஒரு பிஸ்கட் டின் நிறையக் காட்டுக் காளான். ஒவ்வொன்றாக எடுத்துத் தண்டை முகர்ந்து பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டே வந்தார்.

"ஆபீஸ் லீவானா நான் காட்டில கூணு தேடப் போவேன். வீட்டில எனக்குக் கிறுக்கு, பிராந்துன்னு சொல்லும்," என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

நெடுமங்காடு தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "நல்ல விஷமமுண்டு, இல்லியா?"

என் கண் டின்னில் இருந்தது. விஷம் என்றுதான் காதில் விழுந்தது.

"பெறவு எதுக்கு சார் பறிச்சிய?" என்றேன்.

 அவர் நல்லதாக நாலைந்து காளானைத் தேர்ந்து, தேக்கிலையில் பொதிந்து என் கையில் வைத்தார்.

"தேங்காய் போட்டுத் தோரன் வச்சுத் தின்னணும். சோறு தின்னாம இருக்கப்படாது."

கிழக்கேகோட்டையில் இறங்கியதும் அந்தப் பொதியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம் என்பது, கடையில் கூட வேலைபார்த்த பெண் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் தலையில் முடி வளர்ந்துவிட்டது. அவரைப் பிறகு பார்க்கவில்லை.

மற்ற எல்லோரும் என் மொட்டையைப் பார்த்து, பழனியா திருப்பதியா என்றுதான் கேட்டார்கள்.