தயிர் ஒட்டாத மூடி

தயிர் டப்பாவைப் பிரித்ததும் மூடியில் ஒட்டியிருப்பதை நக்குவதுதான் உலக வழக்கம். அந்தச் சுகத்தைக் கெடுக்கத்தான் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நாங்கள் ஷிஃப்ட் போட்டு உழைத்தோம்.

முடியைவிட நுண்ணிய குழிகள் செதுக்கிய சூடான உருளையில் பிளாஸ்டிக் தாள் அழுந்தி ஓடும். வெளியே வரும்போது தாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள். அதன்மேல் தண்ணீர் நிற்காது, தயிர் ஒட்டாது. ஒவ்வொரு சுருளின் முடிவிலும் ஒரு துண்டு வெட்டி, சாய்ந்த பலகையில் வைத்துச் சொட்டுத் தண்ணீர் விடுவது என் வேலை. பக்கத்து மேசையில் ராயபுரத்து அக்காவுக்கும் அதே வேலை. சொட்டு உருண்டு ஓடினால் சுருள் லாரிக்கு, நின்றால் குப்பைக்கு.

இந்தத் தாளுக்கு எண்ணெய்தான் எமன். அதனால் நாங்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, முகத்துக்கு கிரீம் பூசக் கூடாது. எங்கள் பரட்டைத் தலையைப் பார்த்து பஸ் கண்டக்டர்கூட "உடம்பு சரியில்லையாம்மா" என்பார்.

ஓர் ஆடி மாதம் சுருள் சுருளாகச் சொட்டு நிற்க ஆரம்பித்தது. சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்தி, திருடிகளைச் சோதிப்பதுபோல ஒவ்வொருத்தி தலையிலும் வெள்ளைக் காகிதத்தை அழுத்தினார். அக்காவின் காகிதத்தில் மங்கலாக ஒரு கறை.

"வெள்ளிக்கெழம தல முழுவுனேன் சார். சீக்கா போட்டு ரெண்டு தபா அலசிகினேன். எண்ணெ எங்க கீது?" என்றாள் அக்கா.

"தொப்பிக்குள்ள கீற முடி எப்டி சார் தாள்ல படும்?" என்று நான் கேட்டேன்.

"நீயும் அவகூட வேலைய விட்டுப் போறியா?" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா காலில் விழாத குறை. அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி கொடுத்த காப்பீட்டு அட்டைதான் அதற்கு ஆதாரம். வேலை போனால் அட்டை செல்லாது, அட்டை இல்லாவிட்டால் மனிதர் இல்லை. இது சூப்பர்வைசருக்கும் தெரியும். அன்று மாலையே அவளை அனுப்பிவிட்டார்கள்.

அவள் போன பிறகும் சொட்டு நின்றது. கடைசியில் மெக்கானிக் கண்டுபிடித்தார். தாளின் தூசியை ஊதும் காற்றில் கம்ப்ரசர் எண்ணெய் ஆவியாகக் கலந்து வந்திருக்கிறது. ஃபில்டரை மாற்றினார்கள், சரியாகிவிட்டது. சூப்பர்வைசர் எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தார். அக்காவைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் மேனேஜர் அறைக்குப் போய்க் கத்தினேன். அதற்கும் ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் அக்காவைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அக்காவின் போன் அணைந்தே கிடந்தது. ஷிஃப்ட் முடிந்து நேராக ராயபுரம் போனேன். அவள் வாசலில் இரண்டு பேர் ஷாமியானாவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடனே உறைக்கவில்லை. அக்கா வெளியே வந்ததும், "கம்ப்ரசர்ல தான்க்கா எண்ணெ. உன்ன திரும்ப வேலைக்கு வர சொல்ட்டாங்க" என்று கொட்டிவிட்டேன்.

அவள் பந்தல்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"அட்டயும் திரும்ப குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க்கா."

"அதுல இனிமே யாரு பேர எய்த சொல்றது?" என்றாள்.