யாழினி பண்ணை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். இதைப் படித்துவிட்டு நீங்களும் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை.

நாமக்கல்லில் ஒரு கறிக்கோழி நிறுவனத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கோழி எத்தனை, வயது எத்தனை நாள், தின்ற தீவனம், எடை, எந்தத் தேதியில் பிடித்து வெட்டுக்கு லாரியில் ஏற்றுவது, எல்லாவற்றையும் பண்ணைக்காரர்கள் தினமும் போனில் பதிவார்கள். காலை பதினொரு மணிக்குத் தானாக ஓடி, அதை மொத்தமாக நிறுவனத்தின் கணக்கெல்லாம் சேரும் டேட்டா வேர்ஹவுஸில் ஏற்றுகிற புரோகிராம், எங்கள் பாஷையில் ஜாப், என் பொறுப்பு. முதன்முதலில் அதைச் சோதிக்க ஒரு பொய்ப் பண்ணை வேண்டியிருந்தது, சட்டென்று என் மகள் பெயரைப் போட்டேன். எங்கள் வேலையில் எல்லோரும் செய்வதுதான். சோதனை முடிந்ததும் அழித்தும்விட்டேன்.

மூன்று வருடம் கழித்து, போன ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை அந்த யாழினி பண்ணை பட்டியலில் வந்து நின்றது. கோழி: 1. வயது: 5871 நாள். எடை: 43 கிலோ. தீவனம்: 0. கறிக்கோழியை நாற்பது நாளில் பிடித்துவிடுவார்கள், அதனால் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன், ஆனால் எந்தப் போனிலிருந்து வந்தது என்கிற இடம் காலியாக இருந்தது. பிறகு எதற்கென்றே தெரியாமல் மகளின் பிறந்த தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அப்போது அவள் ராசிபுரம் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். வார்டனைக் கூப்பிட்டால், காய்ச்சல், நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றார்.

அந்த வரியை அழித்தேன். மறுநாள் திரும்ப வந்தது, எடை 41. ஜாபையே நிறுத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நிறுத்திய ஜாப் என் கண்ணெதிரே தானாக ஓடி, மற்ற பண்ணைகளை எல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் ஏற்றியது. அதுவரை காலியாக இருந்த பிடிக்கும் தேதியில் அன்றைய தேதி இருந்தது.

மேனேஜரிடம் காட்டினேன். "ஏனுங்க, புள்ளயப் பாக்கோணும்னா லீவு கேளுங்க. கோழி மேல எதுக்குங்க பழி போடறீங்க?" என்றார்.

உடனே வண்டியை எடுத்தேன். எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை, ஹாஸ்டல் வாசலில் நிறுத்தியபோது மணி பன்னிரண்டரை. நான் வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. யாழினி பெட்டியோடு கேட்டில் நின்றிருந்தாள். காய்ச்சல் எப்படி இருக்குது சாமி என்று நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது.

"போலாங்கப்பா" என்றாள்.

அடுத்த நாள் கடைசியாக ஒரு வரி வந்தது. கோழி: 0. பிடித்தது: 1. பிடித்த நேரம்: 12.10. நான் ஹாஸ்டல் வாசலில் வண்டியை நிறுத்துவதற்கு இருபது நிமிடம் முன்.

அதன்பிறகு அந்தப் பண்ணை வரவே இல்லை. இப்போது அவள் வீட்டிலிருந்துதான் பள்ளிக்குப் போகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், முன்பைவிட நன்றாகப் படிக்கிறாள், என் மனைவிக்கு அவ்வளவு நிம்மதி. அன்றைக்கு எதற்காக அப்படி அடித்துப்பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போனேன் என்று மட்டும் இதுவரை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.