சங்கிலி போட்ட சட்டப் புத்தகம்

புத்தகத்தை இரவல் கொடுக்கிற வேலைக்குச் சம்பளமே வேண்டாம். திரும்ப வாங்குகிற வேலைக்குத்தான் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இரவல் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புண்ணியவான்களே, நானும் உங்கள் ஜாதிதான். எழுபதுகளில் பொன்னேரிப் பக்கம் ஒரு கோர்ட்டில் வக்கீல்களின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு பிரதி

எழுபத்துநாலில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய்ப் புதியது வந்தது. யாரை எப்படிக் கைது செய்யலாம், பிடிபட்டவனுக்கு என்னென்ன உரிமை என்றெல்லாம் சொல்கிற சட்டம். அத்தனை வக்கீல்களுக்கும் சேர்த்து எங்களுக்கு வந்தது ஒரே பிரதி. முதல் வாரமே அது யாருடைய பையிலோ ஏறித் திருநின்றவூர் வரைக்கும் போய், ரசக்கறையோடு திரும்பி வந்தது. எனக்கு வந்ததே கோபம்! அட்டையில் ஓட்டை போட்டு, ஒரு சங்கிலியைக் கோத்து, மேஜைக்காலோடு பூட்டிவிட்டேன். வக்கீல் லோகநாதன் சங்கிலியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யோவ், நான் என் கட்சிக்காரனைக்கூட இவ்ளோ சந்தேகப்பட்டதில்லைய்யா."

எண் குறைந்த வழக்கு

புருஷன் கைவிட்ட பெண்கள் ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு, பழைய சட்டத்தில் 488. எங்கள் பக்கத்துப் பெண்கள் வழக்கை எண்ணை வைத்துத்தான் சொல்வார்கள். புதுச் சட்டத்தில் அதே பிரிவு 125 ஆகிவிட்டது. மீஞ்சூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு லோகநாதன் இதை என் மேஜை முன்னால் நின்று பொறுமையாக விளக்கினார். கேட்டு முடித்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "பக்கத்தூட்டுக்காரிக்கு மட்டும் நானூத்தி எம்பத்தெட்டு, எனுக்கு வெறும் நூத்தி இருபத்தஞ்சா?"

விடிந்தால் பாடு

ஒருநாள் மத்தியானம் பழவேற்காட்டிலிருந்து கஸ்தூரி ஓடி வந்தாள். வலைத் தகராறில் கைகலப்பாம். அவள் புருஷன் தேசிங்கை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். ஏரியில் மீன் அதிகம் விழும் இடத்தில் வலைபோட அந்த ஊரில் முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பேர் பாடு. தேசிங்கின் பாடு மறுநாள் விடியற்காலை. ஆள் வராவிட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். மறுபடி வர மாசக்கணக்காகும். அதுவரை வீட்டில் உலை கொதிக்காது. லோகநாதன், "இது ஜாமீன்ல விடவேண்டிய சின்ன கேஸும்மா, ஸ்டேஷன்லயே விடலாமே" என்றார். கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளிக்கு கோர்ட்டுல பாத்துக்கலாம்னு ஏட்டு சொல்றாரு சார், ஏரி நாளிக்கு வரிக்கும் குந்திக்கினு இருக்குமா?"

ஸ்டேஷன் பயணம்

லோகநாதன் புத்தகத்தைக் கேட்டார். பூட்டுச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன். கடைசியில் மேஜைக்காலிலிருந்து மட்டும் கழற்றி, சங்கிலியின் மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நானும் பஸ் ஏறினேன். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் ஏட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்: "இன்னாய்யா, புஸ்தகத்தையே அரெஸ்ட் பண்ணி இட்டாந்துட்டியா?"

லோகநாதன் சிரிக்கவில்லை. ஐம்பதாம் பிரிவைத் திறந்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனார்: எதற்காகப் பிடித்தோம் என்று பிடிபட்டவனிடம் சொல்ல வேண்டும், ஜாமீனில் போகிற கேஸ் என்றால், உனக்கு அந்த உரிமை இருக்கிறது என்பதையும் போலீஸே சொல்ல வேண்டும். ஏட்டு எழுந்து வந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். கெட்ட மனுஷர் இல்லை, பாவம். அங்கே இருந்ததும் பழைய சட்டப் புத்தகம்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இத்த எனுக்கே யாரும் சொல்லல சார், நான் எப்படி இவனுக்குச் சொல்றது?"

கஸ்தூரியின் அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டான். விளக்கு வைப்பதற்குள் தேசிங்கு வெளியே வந்துவிட்டான். கஸ்தூரி அவனை ஒரு வார்த்தை பேச விடவில்லை: "நட நட, விடியறதுக்குள்ள வலைய சரி பண்ணணும்."

கேட்க வந்தவர்கள்

மறுநாள் தேசிங்கு தன் முறைக்கு வலைபோடப் போனான். இறாலும் நன்றாகவே விழுந்ததாம். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அன்றிரவு சோறு இரண்டு கை கூடுதலாகவே இறங்கியது. ஆனால் பேஜார் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். அடுத்த வாரம் கஸ்தூரி தன் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டாள். "அந்த அம்பதாவதைப் படிச்சிச் சொல்லு நைனா, நாங்களும் கேட்டுக்கினு போறோம்." படித்தேன். அதற்கடுத்த வாரம் கும்மிடிப்பூண்டி பாக்டரி ஆட்களும் வந்தார்கள். வக்கீல்களுக்கு உட்கார இடமில்லை. லோகநாதன் சுவரோரமாக நின்றபடி முணுமுணுத்தார்: "எல்லாருக்கும் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா, எங்ககிட்ட கேக்க இன்னாய்யா பாக்கி இருக்கும்?"

சட்டம் தெரியாது என்று சொல்லி இந்த நாட்டில் யாரும் தப்பிக்க முடியாதாம்; தெரிந்துகொள்ளலாம் என்று வந்தவர்களுக்கு மட்டும் எங்களிடம் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது.