பதினைந்து நிமிட இடைவேளை

கல்முனையில், கடலை ஒட்டிய பள்ளிக்கூடம் ஒன்றில் நிற்கிறேன். போன குளிர்காலத்தில் பின்லாந்தில் பார்த்தது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அங்கே ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பதினைந்து நிமிடம் பிள்ளைகள் உறைபனிக்குள்ளும் இறங்கிக் கூச்சலிட்டு விளையாடுகிறார்கள். கல்வி ஆலோசகனாக, அதைத்தான் இந்தக் கரையோரப் பள்ளிகளுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ஐந்தாம் வகுப்பு ஹபீபா டீச்சர் தயங்குகிறார். "புலமைப்பரிசில் சோதனை கிட்ட வந்திட்டு சேர். இவங்களுக்கு இன்டவல் விட்டுக் கனகாலம்."

"பதினைந்து நிமிட இடைவேளை போதும் டீச்சர்."

முப்பது பிள்ளைகளும் முற்றத்துக்கு வந்து, வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு பேச்சில்லை. மதிலுக்கு அப்பால் அலை விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. சிலருடைய உதடுகள் அசைகின்றன. கிட்டப் போய்க் காது கொடுத்தால், பெருக்கல் வாய்ப்பாடு.

"வெளாடுங்க புள்ளையள்," என்கிறார் டீச்சர்.

யாரும் அசையவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு பந்தை எடுத்து வந்து உருட்டிவிடுகிறேன். அது ஒரு சிறுமியின் காலில் பட்டு நிற்கிறது. அவள் குனிந்து பந்தைப் பார்க்கிறாள், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

"சேர், இதுல என்ன கேள்வி வரும்?"

டீச்சர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துகிறார்.

"அங்கயிருந்து இன்டவல மட்டும் கொண்டு வந்திரிக்கீங்க. இந்தச் சோதனைய இங்கயிருந்து ஆரு சேர் எடுத்துட்டுப் போற?"

நான் குனிந்து பந்தை எடுக்கிறேன். மணி அடிக்கிறது. இப்போதுதான் பிள்ளைகள் ஓடுகிறார்கள், வகுப்பறையை நோக்கி.