களைப்பு நோட்டு

பிள்ளைகள் எவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் நான் பார்க்கிறேன்.

சங்கரன்கோவிலில் பொம்பளப் பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுக்கும் இடத்தில், துணைக்கு ஒரு பெரிய மனுஷி வேண்டுமென்று என்னைச் சேர்த்தார்கள். என் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்புதான். ஆனாலும் கோச் டீச்சர் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டார். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருத்தியிடமும் "இன்னைக்கு எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்க வேண்டும். ஒன்று என்றால் சும்மா உட்கார்ந்த மாதிரி. பத்து என்றால் உயிர் போகிற மாதிரி. அந்த எண்ணை எழுதி, பயிற்சி நடந்த நிமிஷத்தால் பெருக்கிப் பக்கத்தில் போட வேண்டும். போன வாரத்தைவிடத் திடீரென்று ஏறினால் காலுக்கு ஆபத்து என்று டீச்சர் உஷாராகிவிடுவார். வயசுப் பிள்ளையிடம் கேள்வி கேட்டு நேரான பதில் வாங்கப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பத்துக்கு நாலு

ஒருநாள் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு பிள்ளையின் அம்மா வந்தார். நோட்டை வாங்கி விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனவருக்கு முகம் வாடிவிட்டது.

"மத்தப் பிள்ளைகள்லாம் எட்டு, ஒம்பதுன்னு வாங்கியிருக்கு. எம் பிள்ளைக்கு மட்டும் நாலு போட்டிருக்கிய. டியூசன் வைக்கணும்னா சொல்லுங்க, வச்சிருதேன்."

மாடி இல்லாத வீடு

முத்துச்செல்விக்குப் பதினைந்து வயசு. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க இரண்டு வாரம்தான் இருந்தது. அதில் பேர் வரவேண்டுமென்று பிள்ளைக்கு அப்படி ஒரு ஆசை. பெரிய எண் சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து, மூச்சு முட்ட ஆடிவிட்டு வந்தும் "மூணு" என்பாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டே சொல்லுவாள். நானும் கேள்வியை மாற்றிப் பார்த்தேன். "வீட்டுல மாடிப்படி ஏறுனா முட்டி வலிக்குமா, வலிக்காதா?"

"எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது, பெரியம்மா. மூணுன்னு எழுதுங்க."

ஓய்வு நாள்

அவளைத் தேற்ற வேண்டுமே என்று, "அம்மன வேண்டிக்கிடு மக்கா, எல்லாம் நடக்கும்" என்று சொல்லிவைத்தேன். அந்த வாரம் எங்கள் ஊர் அம்மன் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. டீச்சர் ஒருநாள் முழு ஓய்வு கொடுத்தார். நோட்டில் எல்லாருக்கும் பூஜ்யம் போட்டேன்.

மறுநாள் முத்துச்செல்வியால் பந்தைப் போட எம்பக்கூட முடியவில்லை. ஓய்வுக்குப் பிறகு எப்படி இப்படி ஆகும் என்று டீச்சருக்குக் குழப்பம். தனியே கூப்பிட்டு, "ஏட்டி, நேத்து என்ன செஞ்ச?" என்றேன். "ஆடிச்சுத்து போனேன். கோவில நூத்தியொரு தடவ சுத்துதேன்னு நேந்திருக்கேன். நேத்து அறுவது முடிச்சிட்டேன். நீங்கதான பெரியம்மா வேண்டிக்கிடச் சொன்னிய?"

சாமியைச் சுற்றியதைக் கஷ்டக் கணக்கில் எழுதுவதா? டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீச்சர்தான் சொன்னார்:

"எழுதுங்கக்கா. சாமிய சுத்துனாலும் முட்டிக்கு அது நடைதான்."

மீதி நாற்பத்தொன்று

நாலு நாள் ஓட்டமும் கூடாது, சுற்றும் கூடாது; முட்டி சரியாகாவிட்டால் இந்தத் தடவை ஆட்டமே கிடையாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை அழுதாள். நேர்த்திக்கடன் பாதியில் நின்றால் பேர் எப்படி வரும் என்று அழுகை. விட்டிருந்தால் அன்று சாயந்திரமே ஒளிந்து போய்ச் சுற்றியிருப்பாள்.

"மீதிய நான் சுத்துதேன்" என்றேன். "அம்மன் ஒத்துக்கிடுவாளா?" என்றாள். "எனக்கும் அவளுக்கும் ரொம்ப நாள் பழக்கம். நான் பேசிக்கிடுதேன்."

செருப்பில்லாமல், அந்தக் கூட்டத்துக்குள், நாற்பத்தொரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் தாயே, அந்த முட்டியைப் பார்த்துக்கொள் என்றேன். மறுநாள் காலையில் நொண்டி நொண்டி வந்த என்னைப் பார்த்ததும் டீச்சர் நோட்டைத் திறந்தார்.

"அக்கா, உங்களுக்கு எத்தன? மூணுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

பேர் வந்த நாள்

ஆள் எடுத்த அன்றைக்கு முத்துச்செல்வி கடைசிவரை ஆடினாள். கூப்பிட்ட பேர்களில் கடைசிக்கு முந்தின பேர் அவளுடையது. வேர்த்து விறுவிறுத்து என்னிடம்தான் முதலில் ஓடிவந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று பார்த்தால், என் கையிலிருந்த நோட்டைக் காட்டினாள்.

"ஏழுன்னு எழுதுங்க பெரியம்மா. முட்டி வலிக்கல, மூச்சுதான் வாங்குது."

ஒரு பிள்ளையிடமிருந்து ஒரு உண்மையான எண்ணை வாங்க இத்தனை தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று, வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.