அப்பா முதலில் சாப்பிட்ட காளான்

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் லண்டனில் நாங்கள் இருக்கும் ஹரோவிலிருந்து ஒரு பழைய மாளிகைத் தோட்டத்துக்கு நடக்கப் போவோம். இந்த ஞாயிறு, தோட்டத்தை ஒட்டிய காட்டில் மனைவி நனைந்த சருகை விலக்கி, வெள்ளைக் காளான்களைப் பிடுங்கிப் பையில் போட்டாள். அந்த வாசம் என்னை வன்னிக்குக் கொண்டுபோனது.

போரில் இடம்பெயர்ந்து ஓலைக் கொட்டிலில் இருந்த மாரிகாலம் அது. அரிசி தீர்ந்திருந்தது. அம்மா காட்டுக் காளானை உப்பும் மஞ்சளும் போட்டுச் சமைத்தார். அது நல்லதா நஞ்சா என்று ஒருவருக்கும் தெரியாது.

"நான் முதல்ல சாப்பிடுறன். நீங்கள் பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ," என்றார் அப்பா.

"ஏதும் செய்தால்?" என்றார் அம்மா.

"செத்தால் சொல்லுவன்தானே."

"விசர்க்கதை கதையாதேங்கோ!"

சாப்பிட்டுவிட்டு அப்பா பாயில் படுத்தார். சட்டியை மூடிவைத்துவிட்டு, பசியோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இருமியபோது அம்மா பதறி எழுந்தார். பின்னேரமானபோது அவரிடம் அசைவே இல்லை. நான் தவழ்ந்துபோய் அவர் மூக்கருகே விரலை வைத்தேன்.

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். "இன்னும் போகேல்லை. போய்ச் சாப்பிடு."

"என்ன யோசனை?" காளான் பையோடு என் முன்னால் நின்று மனைவி சிரித்தாள். "உங்களுக்குப் பயமெண்டா நான் முதல்ல சாப்பிட்டுப் பாக்கிறன்."

நான் பையை வாங்கி, அவ்வளவையும் மரத்தடியில் கொட்டினேன்.