கழுவிப் பொட்டு வைத்த கருவி

கருமத்தம்பட்டி புவனா கடலைப் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் கால்கூட நனைக்கவில்லை. அலை என்றால் அவ்வளவு பயம். ஆனால் கோவையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக அவர் பார்ப்பது கடல் வேலைதான். கடலடியில் வருடக்கணக்கில் கிடந்து, தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு என்று அளக்கும் கருவிகள் அவர் மேசைக்கு வரும். அவை சொன்னது சரியா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது புவனா.

அதில் ஒரு கண்டிப்பு உண்டு. கருவி சிப்பியும் பாசியுமாக நாறினாலும் அப்படியே தொட்டியில் இறக்கிச் சோதிக்க வேண்டும். அந்த அழுக்கால் அளவு எவ்வளவு தப்பியது என்று அப்போதுதான் தெரியும். அதை வைத்துப் பழைய அளவுகளைத் திருத்தலாம். கழுவிவிட்டால் போச்சு.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள், இரண்டு வருடம் கடலில் கிடந்த கருவி ஒன்று வந்தது. புவனா பூ வாங்கப் போகிற அவசரத்தில், கூட்டித் துடைக்கும் மாரியாத்தாளிடம், "ஒரு சாமான் விடாம கழுவிப் பொட்டு வெச்சுருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தால், கருவி பளபளவென்று நிற்கிறது. சந்தனம், நடுவில் குங்குமம்.

"பூராம் கிளிஞ்சலுங்க அம்மணி. சொரண்டி எடுத்துப்போட்டேன்" என்றார் மாரியாத்தாள். பாவம், பாராட்டை எதிர்பார்த்தார்.

புவனா யாரைத் திட்ட? சொன்னதே அவர்தானே.

முதலாளி கோவிந்தராஜுலு சுலபமாக ஒரு வழி சொன்னார். "இப்ப சோதிச்சு, கழுவறதுக்கு முன்னாடி எடுத்ததுன்னு எழுதிப்போடும்மா. கடலுக்குள்ள எறங்கி யாரு பார்க்கப் போறாங்க?"

யாரும் பார்க்க மாட்டார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பதினோரு வருடக் கையெழுத்தை ஒருவரும் சரிபார்த்ததில்லை. உண்மையைச் சொல்லி வேலை போனால், கோயமுத்தூரில் இன்னொரு கடல் வேலைக்கு எங்கே போவது? ஆனாலும், கருவியை அனுப்பிய ஆய்வாளர் சஹீருக்குப் போன் போட்டார்.

"சோதிக்கறதுக்கு முன்னாடியே கழுவிப்போட்டோமுங்க சார். நான் சொல்லித்தானுங்க கழுவுனாங்க."

சஹீர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அந்தக் கருவி கெடந்த ரெண்டு வருஷத்துலதான் அங்க மீனெல்லாம் செத்து ஒதுங்குச்சு மேடம். ஏன்னு தெரிஞ்சுக்க எங்களுக்கு இருந்தது இந்த ஒரு கருவிதான்" என்றார். "சரி, அதுல பதிவான அளவுகளைச் சந்தேகம்னு குறிச்சு அனுப்புங்க."

புவனா கணினியில் குறிக்க ஆரம்பித்தார். மணிக்கு ஓர் அளவு, இரண்டு வருடம். மீன்கள் செத்த மாதத்தில் பிராணவாயு இறங்கிக்கொண்டே போயிருந்தது. கடலில் உண்மையிலேயே மூச்சுக்குப் பஞ்சமா, இல்லை சிப்பி சென்சாரை மூடியதா? இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதம் முழுவதற்கும் 'சந்தேகம்' என்று போட்டார்.